சேர்வர் வாங்கும்போது திகதியையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு வியாபாரிகள் கணக்கு வழக்கைக் கணினிக்கு மாற்றுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். பயனுள்ள கட்டுரை. என்ன பில் சொப்ட்வெயார் வாங்கலாம், எவ்வளவு செலவாகும், இன்டர்நெட் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த சொப்ட்வெயார் ஓடப்போகிற சேர்வரில், அதாவது கடையின் மற்றக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான மெஷினில், எந்த ஓஎஸ் போடுவது என்பது பற்றி ஒரு வரி கூட இல்லை. (கணினியையே இயக்குகிற அடிப்படை சொப்ட்வெயார் அது. பாடசாலைப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறோம், வேலைக்கு வந்த பிறகு எல்லோருக்கும் அது ஓஎஸ்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) கொழும்பில் பதினைந்து வருடமாக சேர்வர் பராமரிக்கிற தொழிலைச் செய்கிறேன், பெரும்பாலும் சின்னக் கம்பனிகளுக்கு. அந்த விட்டுப்போன வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். பக்கத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளுங்கள், திகதிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடை. 2024 ஓகஸ்டில் என்னைக் கூப்பிட்டார்கள், நெட் வேலை செய்யவில்லை என்று. போய்ப் பார்த்தால் நெட் நன்றாக ஓடுகிறது, முதலாளி போனில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். கணக்கு வேலை பார்க்கும் தம்பிதான் விஷயத்தைச் சொன்னார். புதிய பதிப்பைப் போடுவதற்கு முன்னால் சேர்வரில் பிஎச்பி என்ற நிரல்மொழியைப் புதுப்பிக்க வேண்டும் என்று பில் சொப்ட்வெயார்காரர்கள் ஒரு கட்டளையை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள், இவர் அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து அடித்திருக்கிறார், ஏதோ ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, சரி லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாளாக இன்டர்நெட் கம்பனிக்குப் போன் எடுத்துக் களைத்துப்போயிருக்கிறார்.

சேர்வர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது, பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால். காற்றுப் போகிற துவாரமெல்லாம் சீமெந்துத் தூசி. கீபோர்டில் பாதி எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. பாஸ்வேர்டை ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார்கள். திரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, சென்ட்ஓஎஸ் 7, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் வகை ஓஎஸ் ஒன்று. அது தேடிக்கொண்டிருந்தது, அப்டேட்டுகளை எங்கே எடுக்கலாம் என்று சொல்லும் சென்ட்ஓஎஸ்ஸின் சொந்த முகவரியை. 2024 ஜூன் 30ஆம் திகதியோடு சென்ட்ஓஎஸ் 7இன் காலம் முடிந்தது. முடிந்த கையோடு அந்த முகவரியும் எடுக்கப்பட்டது, பழைய கோப்புகள் ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டன. பாவம் அந்த மெஷின், மூடிப் பூட்டிய கடையின் கதவை ஒன்றரை மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அதைப் போட்டுக் கொடுத்தவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 2016இல் அவர் அதை நிறுவியபோது சென்ட்ஓஎஸ் 7 மிகச் சரியான தெரிவு, நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று மனம் வெறுத்து எத்தனையோ பேர் நாட்டை விட்டுப் போனார்களே, அவர்களில் அவரும் ஒருவர், இப்போது கனடாவில் இருக்கிறார். பிழை எங்கே என்றால், இந்தச் சாமானுக்கு ஒரு கடைசித் திகதி உண்டு என்பதை அந்த எட்டு வருடத்தில் முதலாளியிடம் ஒருவரும் சொல்லவில்லை. கொட்டேஷனில் இல்லை, பில்லில் இல்லை, வாய்ப்பேச்சிலும் இல்லை.

நான் மாற்ற வேண்டும் என்று சொன்னபோது முதலாளி கேட்டார், "தம்பி, ஓடுற லொறியை ஏன் கராஜுக்கு விடுவான்?" நியாயமான கேள்வி. நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர், காரணம் இல்லாமல் காசு செலவழிக்க மாட்டார். நான் சொன்னேன், ஐயா, லொறி ஓடுதோ இல்லையோ வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுறீங்கள்தானே, முடிகிற திகதி அதிலேயே இருக்கு, திகதி தாண்டினால் அடுத்த சந்தியில் பொலிஸ் மறிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சேர்வருக்கும் அப்படி ஒரு திகதி இருக்கு, ஒட்டுவதற்குக் கண்ணாடிதான் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப முதல்லேயே சொல்லியிருக்க வேணுமே" என்றார்.

அந்த வசனத்தைக் கேட்டதில் இருந்துதான் எனக்கு இதைப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

ஆதரவு, அதாவது தயாரித்தவர்கள் திருத்தம் கொடுப்பது, முடிந்தால் மெஷின் நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்காது. நின்றால் எவ்வளவோ நல்லது, உடனே யாரையாவது கூப்பிடுவோம். அது பாட்டுக்கு பில் அடிக்கும், அறிக்கை தரும், மாதக் கணக்கை முடிக்கும். ஆனால் உள்ளே இருக்கிற ஓட்டைகளை உலகம் தொடர்ந்து கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும், கண்டுபிடித்ததை எல்லோரும் வாசிக்கும்படி வெளியிட்டுக்கொண்டே இருக்கும், அவற்றை அடைக்க மட்டும் ஆள் இருக்காது. திருட வருகிறவனுக்கு எந்த வீட்டின் எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை என்று அச்சடித்துக் கொடுத்த மாதிரி. பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், சாதாரண விஷயங்கள் கூட நின்றுபோகும். 2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு, இலங்கை நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள், பலருக்கு நினைவிருக்கும். சுவர்க் கடிகாரத்தை நாம் கையால் திருப்பிக்கொண்டோம். ஒரு சேர்வருக்கு அந்தச் செய்தி அப்டேட்டாகத்தான் வந்து சேரும், அப்டேட் நின்ற மெஷினுக்கு யாராவது கையால் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உண்மையை மறைக்கக் கூடாது. சென்ட்ஓஎஸ் 7 முடிந்தது ஜூன் 30. மறுநாளே, ஜூலை 1ஆம் திகதி, ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. சேர்வர்களுக்குள் தூரத்திலிருந்து நுழைய நாங்கள் எல்லோரும் தினமும் பாவிக்கிற சாமான் அது. பாஸ்வேர்ட் தெரியாத ஒருவர் வெளியில் இருந்தபடியே மெஷினின் முழு அதிகாரத்தையும் எடுக்கக்கூடிய வகையான ஓட்டை. டெபியன், உபுண்டு என்ற மற்ற லினக்ஸ் வகைகள் அன்றைக்கே திருத்தம் கொடுத்தன. சென்ட்ஓஎஸ் 7 வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், ஏனென்றால் அந்த ஓட்டை 8.5ஆம் பதிப்பில்தான் புகுந்தது, அவர்களிடம் இருந்ததோ 7.4. அதைச் சொல்லிக் காட்டி, பார்த்தீர்களா பழையதுதான் பாதுகாப்பு என்று என்னிடம் வாதாடிய நண்பர்கள் உண்டு. அன்றைக்குத் தப்பியது அதிர்ஷ்டம். அடுத்த ஓட்டை 7.4இலேயே இருந்தால் யார் திருத்தம் தருவது? நாற்பது பேர் சம்பளம் தங்கியிருக்கிற ஒரு வியாபாரத்தை அதிர்ஷ்டத்தில் ஓட்ட முடியாது.

திகதி பார்த்து வாங்கினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அந்தப் பாடத்தை நானே பட்டுத்தான் படித்தேன். 2019 செப்டெம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது, 2029 மே வரை ஆதரவு என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி 2020இல் மூன்று கம்பனிகளுக்கு அதையே நிறுவினேன், ஒன்பது வருடத்துக்கு யோசிக்கத் தேவையில்லை என்று முதலாளிமாருக்கு வாக்கும் கொடுத்தேன். அதே வருடம் டிசம்பர் 8ஆம் திகதி அறிவித்தல் வந்தது, 2021 டிசம்பர் 31ஓடு முடிக்கிறோம், இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் என்று. சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹட் என்ற கம்பனி காசுக்கு விற்கிற லினக்ஸின் இலவச நகல். ஸ்ட்ரீம் என்பது அந்த ரெட் ஹட்டின் அடுத்த பதிப்புக்குப் போகப்போகிற மாற்றங்கள் முதலில் வந்து சேரும் இடம், கடைக் கணக்கு வைத்திருக்கிற சேர்வருக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது வருடம் ஒரே நாளில் ஒரு வருடமாகச் சுருங்கியது. மூன்று இடத்துக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், மூன்றையும் அதே போன்ற இன்னொரு இலவச நகலான அல்மாலினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அந்த நாளில் இருந்து நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். எது வரைக்கும்? யார் சொல்கிறார்கள்? சென்ட்ஓஎஸ்ஸின் முடிவு ரெட் ஹட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது, அந்த நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 34 பில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது. அதன் பிறகு அந்த இடத்தை நிரப்ப இரண்டு பேர் வந்தார்கள். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த அல்மாலினக்ஸ் 2021 மார்ச்சில் வெளிவந்தது, இப்போது அது இலாப நோக்கில்லாத ஓர் அமைப்பின் கீழ் இருக்கிறது. சென்ட்ஓஎஸ்ஸை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர் ரொக்கி லினக்ஸைத் தொடங்கினார், அவரோடு சேர்ந்து சென்ட்ஓஎஸ்ஸை ஆரம்பித்து இடையில் காலமான நண்பரின் பெயர்தான் ரொக்கி. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு மனம் கனத்துப்போனது. 2023 ஜூனில் ரெட் ஹட் தன் மூல நிரல்களைப் பொதுவில் வைப்பதைச் சுருக்கியபோது அவற்றை வைத்துச் செய்துவந்த இந்த இரண்டு பேருக்கும் சிக்கல் வந்தது, ஆனாலும் இரண்டும் நிற்கின்றன, நன்றாகவே நிற்கின்றன.

சரி, என்னதான் போடுவது என்று கேட்பீர்கள். கணினிக்கென்று தனி ஆள் வைக்காத, ஐந்து முதல் ஐம்பது பேர் வேலை செய்கிற கம்பனி என்றால் டெபியனைத்தான் சொல்வேன். 1993இல் இயன் மர்டொக் தொடங்கியது, எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை, அதனால் ஒரு பணிப்பாளர் சபை கூடி ஒரு பிற்பகலில் இழுத்து மூடிவிட முடியாது. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு நிலையான பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் முழு ஆதரவு, அதற்கு மேல் இரண்டு வருடம் நீட்டிப்பு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை. 2025 ஓகஸ்டில் வந்த 13க்கு அதன்படி 2030 வரை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்கும்படி ஒரு தடவை அமைத்துவிட்டால், ஒவ்வொரு நாளும் யாரும் போய் நிற்கத் தேவையில்லை.

உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். இரட்டை வருடங்களில் ஏப்ரலில் வருவதுதான் எல்டிஎஸ், ஐந்து வருட ஆதரவு. இலக்கம் என்பது வந்த வருடமும் மாதமும், 22.04க்கு 2027 வரை, 24.04க்கு 2029 வரை. இடையில் வருகிற மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்பது மாதம்தான். ஒரு கம்பனியில் 23.10 போட்டிருந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டால், 22.04ஐ விட அது பெரிய இலக்கம்தானே, புதியதுதானே என்றார் அந்தப் பொடியன். 2023 ஒக்டோபரில் வந்தது 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. அவர் நன்மை நினைத்துத்தான் செய்தார், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாங்குகிற சொப்ட்வெயார் ரெட் ஹட் குடும்பத்தில்தான் ஓடும் என்று விற்பவர் எழுத்தில் சொன்னால் அல்மா அல்லது ரொக்கி. இரவு இரண்டு மணிக்கு போன் எடுத்தாலும் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்கிற நிதி நிறுவனமோ வைத்தியசாலையோ என்றால் காசு கொடுத்து ரெட் ஹட்டையே எடுக்கலாம், பத்து வருட ஆதரவு, பெறுமதியானது. ஆனால் அது டொலரில் கட்டுகிற வருடச் சந்தா. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டிப் போனபோது எத்தனை கம்பனி முதலில் வெட்டிய செலவு இந்தச் சந்தா என்பது என் போன்றவர்களுக்குத் தெரியும். சந்தா நின்றால் அப்டேட்டும் நிற்கும். விலை கொடுத்து வாங்கிய ஓஎஸ், ஒரு நன்மையும் இல்லாமல், பழைய சோனகத் தெரு மாடிப்படிக்குக் கீழே இருந்த மெஷினின் நிலைமைக்கு வந்துவிடும். அடுத்த ஐந்து வருடமும் கட்ட முடியும் என்று மனதில் உறுதி இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

நிலையான பதிப்பு என்றால் பழைய பதிப்பு என்று நினைத்து முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச் 29ஆம் திகதி அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், சேர்வருக்குள் நுழைவதற்கு வழமையைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டப்போய், எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கல் மென்பொருளுக்குள் யாரோ திட்டம் போட்டுக் கள்ளக் கதவு வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார். அது புகுந்திருந்ததெல்லாம் புத்தம் புதிய பதிப்புகளில், டெபியனின் பரீட்சார்த்தக் கிளைகளிலும் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் அடுத்த வெளியீட்டுக்கான தயாரிப்பிலும் இன்னும் சிலவற்றிலும். டெபியனின் நிலையான பதிப்புக்கும் உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கும் ரெட் ஹட்டுக்கும் அது வந்து சேரவே இல்லை. ஆறப்போட்டு, பலர் பார்த்து, பிறகு கொடுப்பதில் இருக்கிற பாதுகாப்பு அதுதான்.

இலக்கத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். நிலையான ஓஎஸ்களில் மென்பொருளின் பதிப்பு இலக்கம் அப்படியே இருக்கும், புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் அந்தப் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். ஒரு தடவை கணக்காய்வுக்கு வந்தவர்கள் ஓட்டை தேடும் ஸ்கேனர் புரோகிராம் ஒன்றை ஓட்டிவிட்டு, உங்கள் சேர்வரில் முப்பது ஓட்டை என்று சிவப்பு நிற அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஸ்கேனர் இலக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறது. பக்கேஜ்களின் மாற்றக் குறிப்பைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன், இருபத்தெட்டு ஏற்கெனவே அடைக்கப்பட்டவை. மிச்சம் இரண்டு உண்மை, அன்றைக்கே சரிசெய்தோம்.

விண்டோஸ் பாவிக்கிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. கொழும்பில் கணக்கு சொப்ட்வெயார்களில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது, உரிய லைசன்ஸ் எடுத்து உரிய காலத்தில் மாற்றினால் நல்ல சாமான். ஆனால் விண்டோஸ் சேர்வர் 2012இன் காலம் 2023 ஒக்டோபர் 10ஓடு முடிந்தது, இன்றைக்கும் அதில் பில் போடுகிற கடைகள் உண்டு. சேர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12 வரைதான், 2019க்கு 2029 ஜனவரி 9 வரை. சாதாரண விண்டோஸ் 10 மெஷினையே சேர்வராக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், அதற்கு 2025 ஒக்டோபர் 14ஓடு சரி. இதை எல்லாம்விட என்னை வருத்துவது சில நூறு ரூபாவுக்கு வாங்கிப் போடுகிற கள்ளப் பிரதி. அதைத் திறப்பதற்கு ஓடவிடுகிற அந்தச் சின்ன புரோகிராம் உள்ளே என்ன செய்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. கடைச் சாவியை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். காசு இல்லை என்றால் லினக்ஸ் சும்மா கிடைக்கிறது, கள்ளப் பிரதி எதற்கு?

இது சின்னக் கடைகளின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, தரவைப் பூட்டிக் கப்பம் கேட்கிற ரன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17இல் இருந்து அன்று வரைக்குமான மின்னஞ்சல்கள் போய்விட்டன, பாதிக்கப்பட்ட கணக்குகள் ஏறக்குறைய 5,000. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்டின் மின்னஞ்சல் சொப்ட்வெயாரான எக்ஸ்சேஞ்ச் 2013, அதற்கான ஆதரவு அதே வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் ஓஎஸ் இல்லை, அதன் மேலே ஓடுவது, ஆனாலும் கதை ஒன்றுதான். திகதி தாண்டியது, மாற்றவில்லை, அந்த மூன்று மாதத்துக்குரிய பெக்கப்பும் இல்லை. எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த செய்தி இது, வாசித்துவிட்டு எல்லோரும் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஹாட்வெயார் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய சேர்வர் வாங்கக் கட்டாது என்று நம்மில் பலர் பாவித்த சேர்வர்தான் வாங்குகிறோம், நானும் அதைத்தான் வாங்கிக் கொடுக்கிறேன், தப்பே இல்லை. ஆனால் 2025 மேயில் வந்த ரெட் ஹட் 10 பழைய புரொசெசர்களை ஏற்றுக்கொள்ளாது, 2013இல் இன்டெல் கொண்டுவந்த ஏவிஎக்ஸ்2 வசதி இருக்க வேண்டும். கொழும்பில் இப்போதும் கைமாறிக்கொண்டிருக்கிற டெல் ஆர்720 சேர்வரில் அது இல்லை. அல்மாலினக்ஸ் 10இல் பழைய மெஷின்களுக்கென்று தனி வடிவம் இருக்கிறது, டெபியன் 13உம் அவற்றில் ஓடும். முதலில் ஓஎஸ்ஸை முடிவு செய்துவிட்டு அப்புறம் மெஷினை வாங்குங்கள். மெஷினை வாங்கி வந்து வைத்துவிட்டு இதில் என்ன போடலாம் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

பழைய சோனகத் தெருக் கடைக்கு வருகிறேன். பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில்தான் வேலையை வைத்துக்கொண்டோம், தெரு முழுக்க கடை பூட்டு, மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரின் சத்தம் இல்லாமல் அந்தத் தெருவை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவித்த மெஷின் ஒன்றை வாங்கி டெபியன் 12 போட்டு முதல் வாரமே தயாராக வைத்திருந்தேன். தரவைச் சேமித்து வைக்கிற டேட்டாபேஸ் மென்பொருள் பழையதில் மரியாடிபி 5.5, புதியதில் 10.11. எடுத்து ஏற்றிப் பார்த்தால் தொகையெல்லாம் சரி, சதம் பிசகவில்லை, ஆனால் தமிழில் இருந்த வாடிக்கையாளர் பெயர்களும் ஊர்களும் ஒன்றுமே தமிழில் இல்லை. வவுனியா என்ற ஒரு சொல் இருபது சொச்சம் குறிகளாக, மேலே தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக நீண்டு கிடந்தது. கணக்குத் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது, எட்டு வருடப் பெயர்கள்.

காரணம் எனக்குத் தெரியும், தமிழ்த் தரவு வைத்திருக்கிற யாருக்கும் நாளைக்கு இது வரலாம் என்பதால் எழுதுகிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடை யூடிஎஃப்-8 என்ற வடிவத்தில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு, எடுக்கும். பழைய டேட்டாபேஸ் அந்த மூன்றையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்தென்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தது, வாசிக்கும்போதும் அப்படியே திருப்பிக் கொடுத்ததால் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. மாற்றும்போது புதிய டேட்டாபேஸ் உதவி செய்கிறேன் என்று ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை மொழிபெயர்த்துவிட்டது. லத்தீன் என்று சொல்லியே பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் லத்தீன் என்று இருந்த அறிவிப்புகளை யூடிஎஃப்-8 என்று மாற்றி, திரும்ப ஏற்றினோம். பின்னேரம் நாலரைக்கு வவுனியா வவுனியாவாக வந்தது. மட்டக்களப்பும் வந்தது, திருகோணமலையும் வந்தது. அந்தத் தம்பி ஒவ்வொரு ஊராக வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். அவசரத்தில், உள்ளே யாரோ புகுந்த பிறகு, இரவோடு இரவாக மாற்றியிருந்தால் இதைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்திருக்குமா? பழைய மெஷினை ஒரு மாதம் நெட்டைக் கழற்றிவிட்டு அப்படியே பக்கத்தில் வைத்திருந்தோம். பெக்கப்பையும் வேறொரு மெஷினில் ஏற்றி ஓடுகிறதா என்று பார்த்தோம், ஏற்றிப் பார்க்காத பெக்கப்பை நான் பெக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மரக்கறி விலை, தங்க விலை, நாணய மாற்று விகிதம் எல்லாம் போடுகிறீர்கள். வருடத்தில் இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், ஒரு சின்னப் பெட்டியில் இந்தத் திகதிகளையும் போடுங்கள். எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, எந்தத் திகதி வரை. இவையெல்லாம் அவரவர் இணையத்தளத்தில் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், செட்டியார் தெருவிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை வைத்திருக்கிற ஒருவர் தேடிப் போய் வாசிக்க மாட்டார். பத்திரிகையை வாசிப்பார்.

கடை வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை யாராவது சேர்வருக்குக் கொட்டேஷன் தந்தால், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஓஎஸ்ஸின் பெயரையும் பதிப்பையும் ஆதரவு முடிகிற திகதியையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குள் யார் அப்டேட் பார்ப்பார், திகதி வருவதற்கு ஆறு மாதம் முன்னால் யார் நினைவூட்டுவார் என்பதையும். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

பழைய சோனகத் தெரு முதலாளி போயாவுக்கு அடுத்த நாள் காலையிலேயே கடைப் பொடியனிடம் ஒரு வெள்ளைத் தாளும் மார்க்கர் பேனையும் கொண்டுவரச் சொன்னார். லொறி அனுமதிப்பத்திரம் அளவுக்கு வெட்டி, 30.06.2028 என்று தன் கையாலேயே எழுதி, சேர்வரின் முகப்பில் டேப் போட்டு ஒட்டினார். ஒட்டிவிட்டுத் திரும்பி, "எங்கட வீட்டில ஒரு கொம்பியூட்டர் இருக்கு தம்பி, அதுக்கு எப்ப?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
சேர்வர் பராமரிப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.